ஆல்பா சென்டோரி: கேள்வி பதில்

வெள்ளவத்தை: சேர், இங்கே கடற்கரையில் நின்றால் ஆல்பா சென்டோரி விண்மீன் தெரியுமா?

தெரியும். தெற்கே பாருங்கள். கொழும்பில் அது 22 பாகைக்கு மேல் ஏறாது; கையை நீட்டி விரல்களை விரித்தால் பெருவிரலுக்கும் சின்னவிரலுக்கும் இடையில் உள்ள அளவுதான். யூனில் இரவு 9 மணிக்கு உச்சத்துக்கு வரும், ஆனால் மழைமுகில் விடாது. பெப்ரவரி நடுவில் விடியப்புறம் 5 மணிக்கு எழும்புங்கள். அதற்கு வலப்பக்கம் பீட்டா சென்டோரி, இன்னும் வலப்பக்கம் போனால் தென்சிலுவை. பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன் என்று பச்சை லேசரை அடிக்க வேண்டாம். இரத்மலானை விமான நிலையம் கிட்ட இருக்கிறது.

கொட்டாஞ்சேனை: இது கல்யாணத்தில் காட்டும் அருந்ததியா?

இல்லை. அருந்ததி வடக்கே, சப்தரிஷி மண்டலத்தில்.

தெகிவளை: ஆல்பா சென்டோரி இரட்டை விண்மீன் என்கிறார்கள், எனக்கு ஒன்றாகத்தானே தெரிகிறது?

எல்லோருக்கும் அப்படித்தான். 60 மில்லிமீற்றர் தொலைநோக்கி இருந்தால் பிரியும்: சூரியனைப் போன்ற மஞ்சள் ஒன்று, கொஞ்சம் மங்கலான செம்மஞ்சள் ஒன்று. ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டு. 2016இல் வெறும் 4 விகலை இடைவெளிக்கு நெருங்கிவிட்டன; இப்போது கொஞ்சம் விலகியிருக்கின்றன. ஒரு பாகையில் 3600 விகலை.

பம்பலப்பிட்டி: இரட்டை என்று முதலில் கண்டது வெள்ளைக்காரரா? நம் முன்னோருக்குத் தெரியாதா?

1689 டிசெம்பரில் ழான் ரிஷோ என்ற யேசுசபைப் பாதிரியார் கண்டார். எங்கிருந்து தெரியுமா? புதுச்சேரியிலிருந்து! வால்வெள்ளி ஒன்றைப் பார்க்கத் தொலைநோக்கியைத் திருப்பியவருக்கு இது தட்டுப்பட்டது.

பம்பலப்பிட்டி: முன்னோரின் கண் கூர்மை வேறு, சேர்.

கண் கண்தான், தம்பி. நல்ல கண்ணுக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரிக்க ஏறத்தாழ 60 விகலை இடைவெளி வேண்டும். இந்த இரண்டும் எவ்வளவு விலகினாலும் 22 விகலையைத் தாண்டுவதில்லை.

மருதானை: பழைய பாட்டுகளில் இருக்கிறதாமே?

எந்தப் பாட்டு, எந்த வரி? அனுப்புங்கள், வாசிக்கிறேன். ஒளியும் இருப்பிடமும் தெரிந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வானத்தில் மூன்றாவது பிரகாசமான விண்மீன், கடலோடியின் கண்ணில் படாமல் இருக்குமா? இரட்டை என்பதுதான் வேறு விஷயம்.

பம்பலப்பிட்டி: அப்போ அருந்ததியும் வசிட்டரும் இரட்டையாகத் தெரிகிறார்களே?

அவர்களுக்கு நடுவே 700 விகலைக்கு மேல் இடைவெளி! அதனால்தான் வெறுங்கண்ணே போதுமாக இருக்கிறது.

கல்கிசை: இதுதான் அருந்ததியா, சேர்?

மேலே வாசியுங்கள்.

மருதானை: பூமிக்கு மிக அருகில் உள்ள விண்மீன் இதுதானே?

சூரியனை விட்டால், இந்தக் கூட்டத்தின் மூன்றாவது ஆள்தான் மிக அருகில்: புரொக்சிமா, 4.24 ஒளியாண்டு. 1915இல் இன்ஸ் என்ற வானியலாளர் கண்டுபிடித்தார். வெறுங்கண்ணுக்கு அகப்படாது.

தெகிவளை: லேசர் அடித்தால் அது தெரியுமா?

லேசரை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.