கோழி எருவில் ஈத்தொல்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை, மேடைக் கூண்டு (உயர்த்திக் கட்டியது, எரு கீழே குவியும்). வாராவாரம் எருவில் மருந்து அடித்தும் ஈ குறையவில்லையே?

அந்த மருந்தை முதலில் நிறுத்துங்கள். வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டை பத்தே நாளில் ஈயாகிவிடும். ஈ முட்டையையும் குஞ்சுப்புழுவையும் தின்னும் கார்சினாப்ஸ் வண்டும் மேக்ரோகீலிஸ் சிலந்திப்பேனும் (இது கோழியைக் கடிக்காது) மருந்தில் செத்தால், திரும்பப் பெருக வாரக்கணக்கில் ஆகும். ஈ இரவில் அடையும் கூரையிலும் தூணிலும் மட்டும், தீவனத்திலும் தண்ணீரிலும் படாமல் அடியுங்கள். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள்கள் ஒழுகினால் அன்றன்றே மாற்றுங்கள். ஒரு நிப்பிள் சொட்டினாலே அதன் கீழுள்ள குவியல் முழுக்கப் புழு.

எருவை மொத்தமாக வாரிவிடலாமா?

வேண்டாம். வண்டும் பேனும் எருவோடு போய்விடும், ஈயோ பறந்து வந்துவிடும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வாருங்கள். மீதியை மூன்று நான்கு வாரம் கழித்து. அடியில் 10-15 செ.மீ. காய்ந்த எரு கிடக்கட்டும். புது எச்சத்தில் 75-80% ஈரம் இருக்கும். அதை இந்தப் பழைய எரு உறிஞ்சிக்கொள்ளும்.

ஒட்டுண்ணிக் குளவி வாங்கி விட்டேன், பலனில்லை.

ஸ்பலாஞ்சியா, மஸ்சிடிஃபுராக்ஸ் குளவிகள் ஈயின் கூட்டுப்புழுவை மட்டுமே தாக்கும், அதற்குள் முட்டையிட்டு வளரும். பறக்கும் ஈயைத் தொடாது. அதனால் ஒருமுறை விட்டால் போதாது. ஈ பெருகும் முன்பே தொடங்கி வாரம் ஒருமுறை, எறும்பு ஏறாத காய்ந்த இடத்தில், புழு கூடு கட்டும் குவியலின் ஓரமாக விடுங்கள். பலனை அறிய 100 கூட்டுப்புழுக்களைப் பொறுக்கிப் புட்டியில் போட்டுத் துணியால் மூடி நான்கு வாரம் வையுங்கள். ஈ வந்த கூட்டில் ஒரு முனை மூடிபோலக் கழன்றிருக்கும். குளவி வந்ததில் சிறு வட்டத் துளை இருக்கும். துளையுள்ளவை குறைவு என்றால் எருவின் ஈரத்தைப் பாருங்கள். குழம்பாகக் கிடக்கும் எருவுக்குள் குளவி புகாது.

எருவில் இருக்கும் கருப்பு வண்டெல்லாம் நன்மை செய்பவையா?

இல்லை. உருண்டையாக, பளபளப்பாக, 2-3 மி.மீ. இருந்தால் கார்சினாப்ஸ். நீள்வட்டமாக 6 மி.மீ. இருந்தால் பெரும்பாலும் ஆல்ஃபிடோபியஸ் என்ற கெடுதல் வண்டு. நோய்க்கிருமி சுமக்கும், அதன் புழு கொட்டகையின் வெப்பத்தடுப்புத் தெர்மாகோலைத் துளைக்கும்.

கருப்பு சிப்பாய் ஈயின் புழுவைக் கூண்டுக்குக் கீழே விடலாமா?

வீட்டு ஈயை அது நன்றாகவே அடக்கும். ஆனால் எருவைக் கூழாக்கிவிடும். வார முடியாது, காய்ந்த எருவில் வாழும் வண்டுக்கும் இடமிருக்காது. வளர்க்க ஆசையென்றால் எருவை அள்ளித் தனித் தொட்டியில் வளருங்கள்.