பைத்தான் வெர்ஷனை மாற்றச் சொல்லி மகள் எழுதலாமா?

கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், தான் கோடிங் பழகும் தளத்தில் பைத்தான் என்ற நிரல்மொழி பழைய வெர்ஷனாக இருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதப் போகிறாள். கேம்பஸ் இன்டர்வியூ வரும் நேரத்தில் எதற்கு இந்த வம்பு, குறை சொல்கிற பெண் என்று பெயர் வந்துவிடாதா என்று பயப்படுகிறீர்கள்.

வராது அம்மா. தாராளமாக எழுதட்டும். எப்படி எழுதுகிறாள் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

அவளுடைய சிக்கல் உண்மையானது. மீச்சிறு பொது மடங்கு காணும் எல்சிஎம் என்ற வசதி பைத்தானின் மேத் மாட்யூலில், அதாவது கணக்கு வசதிகளின் தொகுப்பில், 2020-இல், 3.9 வெர்ஷனில்தான் வந்தது. லேப்டாப்பில் புது வெர்ஷன் இருப்பதால் அங்கே ஓடுகிற நிரல், 3.8 வைத்திருக்கும் தளத்தில் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று நின்றுவிடும். பிள்ளையோ தனக்குத்தான் கோடிங் வரவில்லை என்று நினைத்து மனம் உடைந்துபோகும். 2019-இல் வெளிவந்த அந்த 3.8-க்கு 2024 அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. ஆகவே, கேட்பதில் நியாயம் இருக்கிறது.

தேயிலை எடையில் வித்தியாசம் வந்தால் ரசீதைக் காட்டித்தானே கேட்பீர்கள்? இதுவும் அப்படித்தான். ‘உங்கள் தளம் ரொம்பப் பழசு’ என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மெனுவில் வெறும் ‘பைத்தான் 3’ என்றுதான் போட்டிருக்கும்; உள்ளே இருப்பது 3.8-ஆ 3.12-ஆ என்று தெரியாது. சிஸ் மாட்யூலில் உள்ள வெர்ஷனை அந்தத் தளத்திலேயே பிரின்ட் செய்து பார்த்தால் முழு எண்ணும் வந்துவிடும். அந்த எண், தேவைப்படும் வெர்ஷன், பிழை வரும் மூன்று வரி நிரல், திரையில் வந்த பிழைச்செய்தி அப்படியே. இவ்வளவும் இருந்தால் படிக்கிறவர் இரண்டு நிமிடத்தில் சோதித்துப் பார்த்துவிடுவார்.

இன்னொன்றும் முக்கியம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள் என்று கேட்க வேண்டாம். பழையதோடு கூடவே புதியதையும் தாருங்கள் என்று கேட்கட்டும். காரணம் இருக்கிறது. 2022-இல் பாதுகாப்பு கருதி பைத்தானில் ஒரு வரம்பு கொண்டுவந்தார்கள்: 4300 இலக்கத்துக்கு மேற்பட்ட முழு எண்ணை எழுத்தாக மாற்றப் போனால், இயல்புநிலையில் பிழை வரும். தளத்தில் இருப்பது அந்த வரம்பு வராத பழைய வெர்ஷன் என்றால், அவ்வளவு பெரிய ஃபாக்டோரியலை (ஒன்றிலிருந்து ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி வருவது) அச்சிடும் பழைய விடைகள், வெர்ஷனை மாற்றிய அன்றே தவறாகிவிடும். வேகமும் மாறும், ஒவ்வொரு கணக்குக்கும் வைத்திருக்கும் நேர வரம்பை மறுபடி பார்க்க வேண்டிவரும். தளம் நடத்துகிறவர்கள் தயங்குவது சோம்பலால் அல்ல. அந்தச் சிரமம் புரிந்து எழுதப்பட்ட கடிதத்துக்கு மதிப்பு தனி.

மென்பொருள் டெஸ்டிங்கிலும் சப்போர்ட்டிலும் இருப்பவர்கள் தினமும் செய்கிற வேலையே இதுதான். நகலை மகள் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். இன்டர்வியூவில் பேச்சு வந்தால் சொல்லலாம். ரெஸ்யூமில் சாதனை என்று போட வேண்டாம்.

ஆனால் பதிலுக்காகக் காத்திருந்து பயிற்சியை நிறுத்தக் கூடாது, இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. நிறுவனத் தேர்வில் என்ன வெர்ஷன் தருகிறார்களோ அதில்தான் எழுதியாக வேண்டும். இரண்டு எண்களையும் பெருக்கி மீப்பெரு பொது வகுத்தியால் வகுத்தால் அதே மீச்சிறு பொது மடங்கு வந்துவிடப் போகிறது. அந்த வகுத்தியைக் காணும் வசதி மேத் மாட்யூலில் 2015-இலிருந்தே இருக்கிறது. புது வசதி இல்லாமலும் எழுதத் தெரிந்த பிள்ளை எந்தத் தேர்விலும் தடுமாறாது.

ஐப்பசி மழையில் அங்கே கரண்டும் நெட்டும் ஒன்றாகப் போய்விடும். அதனால் விடுமுறைக்கு மலையேறும் முன், ஹாஸ்டலிலேயே 3.8-ஐயும் லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளட்டும். இரண்டு வெர்ஷன்களும் ஒரே லேப்டாப்பில் அருகருகே இருக்கலாம். நெட் இல்லாத நாளிலும் தளத்தில் வரும் அதே பிழையைப் பார்த்துத் திருத்திப் பழகலாம்.

அப்புறம், ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால், முதல் கடிதத்துக்குத் தொடர்ச்சியாகவே ஒருமுறை நினைவூட்டட்டும். புதிதாக இன்னொன்று எழுத வேண்டாம்.