அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களை வெளியே கூட்டிப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் தம்பிக்கு 28 வயது, இப்போதுதான் வெளியே கூட்டிப் போகத் தொடங்கியிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ், ரயில், கழிப்பறை விஷயங்களுக்கெல்லாம் அப்புறம் வருகிறேன். முதலில், அவருக்குப் பதிலாக நீங்கள் பேசிவிடாதீர்கள்.

எங்கள் அண்ணனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, பெரும்பாலும் நான்தான் துணைக்குப் போவேன். ஓட்டலில் உட்கார்ந்ததும் சர்வர் என்னிடம்தான் "இவருக்கு என்ன வேணும்?" என்பார். "அவரையே கேளுங்கண்ணா" என்பேன். அண்ணனுக்குப் பேச்சு வர நேரமாகும், பக்கத்து மேசைத் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சர்வர் அதற்குள் அடுத்த மேசைப் பக்கம் திரும்பிவிடுவார், நாமே "ஒரு பூரி" என்று சொல்லி முடித்துவிடலாம் என்று நாக்கு துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். வேண்டுமானால் "பூரியா, தோசையா?" என்று இரண்டை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம், மெனு முழுவதையும் ஒப்பித்தால் திணறிப்போவார். கல்லாவில் பணம் கொடுப்பதும் அவர்தான். மீதியைச் சரிபார்க்கத் தெரியாது, அதை நான் பார்த்துக்கொள்வேன், ஆனால் நோட்டை நீட்டி, சில்லறையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சோம்பும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டுதான் நகருவார். அவர் வளர்ந்த ஆள், "சமத்துப் பையன்" என்று யாராவது கன்னத்தைத் தட்ட வந்தால் நான் தடுத்துவிடுவேன்.

போகிற இடத்தை முந்தின நாளே போனில் படமாகக் காட்டிவிடுங்கள். எந்த பஸ், எங்கே சாப்பாடு, எப்போது வீடு திரும்புவோம், இது மூன்றும் தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். சென்னை என்றால் ஞாயிறு சாயங்கால மெரினா வேண்டாம், வார நாள் காலையில் போங்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022-இல் போட்ட மரப்பாதை சக்கர நாற்காலிக்காரர்களுக்காக வந்ததுதான், ஆனாலும் மணல் காலில் பட்டாலே பிடிக்காத எங்கள் அண்ணனுக்கும் கடல் பக்கம் போக அதுதான் வழி.

சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். கூட்டம் பார்க்கும், பார்த்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் நின்று, குறைவாகப் பேசி, கொஞ்சம் தணிந்ததும் ஓரமாகக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுங்கள், அன்றைக்குப் பாதியில் திரும்ப வேண்டியிருந்தால் திரும்பிவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுக்கும் யூடிஐடி என்கிற அடையாள அட்டையை எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் 2021 முதல் டிக்கெட் கட்டணம் கிடையாது. ரயிலில், துணையில்லாமல் பயணம் செய்ய முடியாது என்ற சான்றிதழ் இருந்தால் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் 75 சதவீதச் சலுகை, உடன் போகிறவருக்கும் அதேதான். இதைத் தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போகிற குடும்பங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

நீங்கள் அவருக்கு அக்கா என்றால் கழிப்பறைதான் பெரிய தலைவலி, ஆண்கள் பக்கம் நாம் உள்ளே போக முடியாது. நீண்ட நேரப் பயணம் என்றால் சித்தப்பா மகனையோ நண்பரையோ சேர்த்துக்கொள்ளுங்கள், குட்டிப் பயணம் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிற இடமாக முன்பே விசாரித்துத் தேர்ந்தெடுங்கள். சட்டைப் பையில் உங்கள் போன் எண் எழுதிய அட்டை இருக்கட்டும். கிளம்பும்போது அன்றைக்கு அவர் போட்டிருக்கும் உடையோடு ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் தவறிவிட்டால் போலீஸிடம் காட்ட உதவும்.