வாடகையைச் செயலி சொன்னால் குற்றமா?

கேள்வி: எனக்கு இங்கே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நான்கு வீடுகள் உள்ளன. இனி வாடகையைச் செயலியே கணக்குப் போட்டுச் சொல்லும் என்கிறார் ஏஜெண்ட். அமெரிக்காவில் இதைத் தடை செய்கிறார்களாமே? சந்தை விலையில் அரசுக்கு என்ன வேலை?
– வாசகர், பாடாங் செராய், மலேசியா

பதில்: சந்தை விலையாக இருந்தால் வேலையில்லைதான்.

இப்போது எப்படி வாடகைக்கு விடுகிறீர்கள்? பக்கத்து வீட்டு கேட்டில் அட்டை தொங்குகிறது. அந்த நம்பருக்கு அடிக்கிறீர்கள். அவர் 700 வெள்ளி என்றால் நீங்கள் 680 என்று இறங்குவீர்கள். ஆள் வராவிட்டாலும் வங்கிக்கு மாதத் தவணை கட்டியாக வேண்டுமே என்ற பயம்! கூலிம் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு உங்கள் பயம்தான் பாதுகாப்பு. (வாடகையே தெரியாமல் தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்தவன் நான், குடியிருப்பவர் பக்கம் கொஞ்சம் சாய்வேன்.)

ரியல்பேஜ் என்ற டெக்சஸ் நிறுவனத்தின் மென்பொருள் அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது என்பதுதான் புகார். ஒருவரோடொருவர் போட்டி போடவேண்டிய உரிமையாளர்கள், வெளியே சொல்லாத வாடகைக் கணக்கையெல்லாம் அதில் கொட்டினார்கள். அது ஆளாளுக்கு வாடகை சொன்னது. பக்கத்து வீட்டுக்காரரும் இறங்கமாட்டார் என்றால் பயம் எதற்கு? 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் நீதித்துறை வழக்குப் போட்டது. நிறுவனம் மறுத்தது, 2025 நவம்பரில் சமரசத்துக்கு வந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரமும் நியூயார்க் மாநிலமும் தனியே தடைச் சட்டம் போட்டுவிட்டன.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. 2014 புத்தாண்டு முதல் ஐஸ் பைக்கு 50 சென் ஏறும் என்று கோலாலம்பூர், சிலாங்கூர் ஐஸ் உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி, பத்திரிகையிலேயே அறிவித்தார்கள். என்ன துணிச்சல்! 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி அபராதம் விழுந்தது. கோப்பிக்கடையில் கூடிப் பேசினால் தப்பு, அதையே செயலிக்குள் செய்தால் தொழில்நுட்பமா?

கணக்குப் போடுவதைத் தடுக்கச் சொல்லவில்லை. கேட்டில் தொங்கும் விலையை வைத்து எந்த இயந்திரமும் கூட்டிக் கழிக்கட்டும். போட்டியாளரின் ரகசியக் கணக்கு அதற்குள் போகக்கூடாது. சட்டம் அந்த இடத்தில் கை வைத்தால் போதும்.

சரி, உங்கள் விஷயம். உங்கள் வாடகை ஒப்பந்தங்களின் நகலை அனுப்பச் சொல்கிறாரா ஏஜெண்ட்? அதே தாமானில் வேறு எத்தனை வீட்டுக்காரர்கள் அனுப்பியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். "எல்லாருமே அனுப்பிட்டாங்க, சார்" என்று அவர் பெருமையாகச் சொன்னால், நீங்கள் அனுப்பாதீர்கள்.