பென்ஷன் பணத்தில் பழைய பிஎம்டபிள்யூவா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 62, மூன்று மாதத்தில் ஓய்வு. பிராவிடன்ட் ஃபண்டில் 24 லட்சம் ராண்ட் இருக்கிறது. 1986இல் டர்பன் வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பிஎம்டபிள்யூ 333ஐ (333i) கார் போனதைப் பார்த்தேன், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது ஒருவர் 9 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். "இது முதலீடுப்பா, பத்து வருஷத்தில் இரட்டிப்பாகும்" என்கிறான் மகன். மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை. வாங்கலாமா?

பதில்: ஐயா, முதலில் அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். நான் அவர் கட்சி.

ஆனால் வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிஎம்டபிள்யூ ரேஸுக்கென்று செய்த அந்தக் காலத்து எம்3 இடப்பக்க ஸ்டீயரிங்கோடு மட்டும்தான் வந்தது, நமக்கு உதவாது. அதனால் பிரிட்டோரியா பக்கம் ரோஸ்லின் ஆலையில், பெரிய 7 சீரிஸ் காரின் 3.2 லிட்டர் எஞ்சினைத் தூக்கிச் சின்ன இரண்டு கதவு 3 சீரிஸுக்குள் திணித்து, ஜெர்மனியின் அல்பினா கம்பெனியின் கைவண்ணத்தையும் சேர்த்து இதைச் செய்தார்கள். 1985 முதல் 1987 வரை மொத்தமே 204 வண்டி, எல்லாம் இந்த நாட்டுக்காகவே. சேகரிப்பவர்கள் தேடுவதும் இதைத்தான்: எண்ணிக்கை குறைவு, ரேஸ் வாசனை, சொல்ல ஒரு கதை, அப்புறம் இருபது வயதில் வாங்க வழியில்லாமல் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்த ஏக்கம். நாற்பதுக்கும் குறைவாகவே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ-வில் ஒன்று 2023இல் நியூயார்க் ஏலத்தில் 5 கோடி டாலருக்கு மேல் போனதும் ஏறக்குறைய இதே காரணங்களால்தான்.

சரி, இரட்டிப்புக் கணக்குக்கு வருவோம். அதே ஃபெராரிகளின் விலை 1980களின் கடைசியில் தாறுமாறாக ஏறி, 90களின் தொடக்கத்தில் பாதிக்கும் கீழே விழுந்தது. ஏக்கத்துக்கும் வயது உண்டு. இன்று உங்கள் தலைமுறை கையில் காசு இருப்பதால் அந்த வண்டிக்கு மவுசு, உங்கள் பேரன் அதே சத்தத்தைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டால் பத்து வருஷம் கழித்து யாரிடம் விற்பீர்கள்? 204 வண்டிதான் என்றால் வாங்க ஆசைப்படுகிறவர்களும் கொஞ்சம் பேர்தான், ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரமாகப் பணம் வேண்டும் என்கிற அன்று அவர்களில் ஒருவரும் போனை எடுக்க மாட்டார்கள்.

உங்கள் மகன் விட்டுவிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது: வரி. 2021 மார்ச் 1 அன்று 55 வயதைத் தாண்டி, அதே பிராவிடன்ட் ஃபண்டிலேயே தொடர்பவர் என்றால் முழுப் பணத்தையும் ரொக்கமாக எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முதல் 5,50,000 ராண்டுக்குத்தான் வரி இல்லை. அதற்கு மேல் 7,70,000 வரை 18 சதவீதம், அடுத்து 11,55,000 வரை 27 சதவீதம். 10 லட்சம் எடுத்தால் 1,01,700 வரி போய் 8,98,300 கையில் நிற்கும் (முன்பு இப்படி மொத்தமாக எதுவும் எடுக்காதிருந்தால்). ஆக 9 லட்சத்து வண்டிக்கு உங்கள் ஃபண்டிலிருந்து கழிவது 10 லட்சத்துக்கும் மேல். அந்த 10 லட்சம் வருஷத்துக்கு 8 சதவீதம் தருவதாக வைத்துக்கொண்டால் மாதம் 6,600 ராண்ட் சொச்சம், கராஜில் நிற்கும் கார் அதைத் தராது, உங்களிடம்தான் கேட்கும்.

சொந்த உபயோகத்துக்கான கார் என்பதால் விற்கும்போது லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். நஷ்டம் வந்தாலும் கழிக்க முடியாது என்பதும் உண்மை. லாபத்துக்காகவே வாங்கி விற்றதாக வரித்துறையான சார்ஸ் நினைத்தால் அது வருமானமாகிவிடும், ஆகவே 'முதலீடு' என்ற வார்த்தையை மகன் கொஞ்சம் மெதுவாகச் சொல்லட்டும்.

டர்பன் உப்புக்காற்றை மறக்காதீர்கள். முப்பது வயதில் பழைய இத்தாலிய வண்டி ஒன்றை ஆசையாக வாங்கினேன், பெயின்ட் பளபளவென்று இருந்தது, முதல் சர்வீஸில் மெக்கானிக் கதவுக்குக் கீழே ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினார், அது உள்ளே போய்விட்டது. வாங்கின விலையைவிடத் தகர வேலைக்கு அதிகம் செலவழித்தேன். என் வீட்டுக்காரி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

என் பதில் இதுதான்: 24 லட்சத்தில் 9 லட்சம் வேண்டாம். வீட்டுக் கடன் பாக்கி இல்லை, மெடிக்கல் எயிடு (மருத்துவக் காப்பீடு) கட்ட வழி இருக்கிறது என்றால், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2,40,000க்குள், அதே உருவத்தில் ஒரு சாதாரண ஈ30, அதாவது அந்தக் காலத்து 3 சீரிஸ், தேடுங்கள். அந்தத் தொகைக்கு வரியும் இல்லை. மிச்சத்தை மாதாமாதம் வருமானம் வரும்படி வையுங்கள்.

கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் கோட் 2, அதாவது சாதாரணப் பழைய வண்டி, என்று இருக்க வேண்டும். கோட் 3 என்றால் நொறுங்கி மறுபடி கட்டிய வண்டி, சேகரிப்பவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் இந்த வண்டிகளை நன்றாக அறிந்த ஒருவரை வைத்துச் சரிபாருங்கள், சாதாரண இரண்டு கதவு வண்டியில் பெரிய எஞ்சினைப் போட்டு வேஷம் கட்டுவது பெரிய வித்தை இல்லை. இன்ஷூரன்ஸை நீங்களும் கம்பெனியும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். சந்தை மதிப்பு என்று எழுதினால் பழைய பிஎம்டபிள்யூ விலைதான் கையில் வரும்.

இன்னொன்று. 333ஐ காரை வாங்கியவர்களுக்கு ஏசி அல்லது பவர் ஸ்டீயரிங், இரண்டில் ஒன்றுதான் கிடைத்தது, எஞ்சின் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டது. உங்களுக்குக் காட்டியதில் எது இருக்கிறது? பவர் ஸ்டீயரிங் என்றால் வெயில் கொளுத்தும் பிப்ரவரி மாத மத்தியானம் ஒன்றில், அம்மாவையும் உட்கார வைத்து, ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.