வீட்டு வரி பில்லில் வரும் லேண்ட்ஸ்கேப்பிங் கட்டணம்: கலிபோர்னியாவில் புதிதாக வீடு வாங்கியவருக்கு

உங்கள் கேள்வி இதுதானே? சாக்ரமெண்டோ பக்கம் புதிதாக வீடு வாங்கியிருக்கிறீர்கள். வீட்டு வரி பில்லில் ஒரு சதவீத வரிக்குக் கீழே ‘லேண்ட்ஸ்கேப்பிங் அண்ட் லைட்டிங் டிஸ்ட்ரிக்ட்’ (பூங்கா, தெருவிளக்குப் பராமரிப்புக்காகப் பிரித்த வட்டாரம்) என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. அதை உயர்த்தப் போவதாக இப்போது சிட்டியிலிருந்து ஒரு கடிதமும், உள்ளே ஒரு ஓட்டுச் சீட்டும் வந்திருக்கின்றன. எச்.ஓ.ஏ.வுக்கு (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) மாதாமாதம் கட்டும்போது இது எதற்கு, எச்-1பி விசாவில் இருப்பவர் இந்த ஓட்டைப் போடலாமா, கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சீட்டுக்குக் கெடு இருப்பதால் அதை முதலில் சொல்கிறேன். போடலாம். இது தேர்தல் அல்ல. வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடம் ‘இந்தக் கட்டணத்துக்குச் சம்மதமா’ என்று கேட்கும் நடைமுறை. கலிபோர்னியாச் சட்டமே இதைத் தேர்தலாகக் கருதக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. குடியுரிமையோ வாக்காளர் பதிவோ தேவையில்லை. நம் ஆட்கள் பலர் பயந்துபோய் இந்த உறையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குடியுரிமை இல்லாதவர் இங்கே தேர்தலில் ஓட்டுப் போட்டால் நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். அதனால் எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இந்தக் கட்டணத்துக்கு ‘அசெஸ்மென்ட்’ என்று பெயர். அசெஸ்மென்ட் சீட்டு சிட்டி கிளார்க்கிடமிருந்தோ, சிட்டி அமர்த்திய கன்சல்டிங் கம்பெனியிடமிருந்தோ வரும். உங்கள் பார்சல் நம்பர் (மனையின் பதிவு எண்), உங்கள் வீட்டுக்கு வரப்போகும் தொகை, பொது விசாரணையின் நாள், நேரம் எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடும் இடத்தில் ‘இந்தச் சொத்தின் உரிமையாளர் நான்’ என்ற உறுதிமொழி இருக்கும். கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) தேர்தல் அலுவலகத்திலிருந்து, பதிவு செய்த வாக்காளர் என்ற பெயரில் வருவது வேறு. பள்ளிக்கூடப் பாண்டு (கடன் பத்திரம்), பார்சல் டாக்ஸ் (மனைக்கு இவ்வளவு என்று போடும் வரி) எல்லாம் அந்த வழியில்தான் வரும். அதை கிரீன் கார்டு இருந்தாலும் தொடக்கூடாது. டி.எம்.வி.யில் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளர் பதிவைப் பற்றிக் கேட்பார்களே, அங்கேயும் கவனமாக ‘இல்லை’ என்றே பதில் கொடுங்கள். கையில் இருப்பது எந்த வகை என்று சந்தேகம் வந்தால் சிட்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போன் போட்டு, ‘இது 218-ன் கீழ் வரும் அசெஸ்மென்ட் பேலட்டா’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

218 என்பது 1996 நவம்பரில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய புரொபொசிஷன், அதாவது சட்ட முன்மொழிவு. அதற்கும் முன்னால் 1978-ல் வந்த புரொபொசிஷன் 13, வீட்டு வரியை மதிப்பில் ஒரு சதவீதம் என்று கட்டிப்போட்டது. வீடு கை மாறாதவரை அந்த மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அந்த ஒரு சதவீதத்தையும் கவுண்டி, பள்ளிகள், சிட்டி, மற்ற சிறப்பு டிஸ்ட்ரிக்ட்கள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. பொது நிதி சுருங்கிப்போன சிட்டிகள், 1972-லேயே இருந்த லேண்ட்ஸ்கேப்பிங் அண்ட் லைட்டிங் சட்டத்தைத் தேடிப் பிடித்தன. ஒரு பேட்டையின் பூங்கா, சாலை நடுவில் உள்ள மீடியன், சுவரோரச் செடிகள், தெருவிளக்கு ஆகியவற்றின் செலவை அந்தப் பேட்டை வீடுகளிடமே வாங்க அந்தச் சட்டம் வழி விடுகிறது. பிறகு அது எல்லை மீறிப் போகிறது என்று 218 வந்து கடிவாளம் போட்டது.

கடிவாளத்தில் முக்கியமானது, உங்கள் வீட்டுக்கு மட்டும் கிடைக்கும் தனிப் பலனுக்குத்தான் பணம் கேட்கலாம் என்பது. ஊருக்கே கிடைக்கும் பொதுப் பலனின் பங்கைக் கழித்து, அதைச் சிட்டி வேறு நிதியிலிருந்து போட வேண்டும். இந்தக் கணக்கை லைசென்ஸ் பெற்ற இன்ஜினியர் ஒருவர் அறிக்கையாக எழுதித் தர வேண்டும். அறிக்கை ஏனோதானோ என்று இருந்தால் கோர்ட் தூக்கி எறிந்துவிடும். சான்டா கிளாரா கவுண்டியில் திறந்தவெளி நிலம் வாங்குவதற்காக வீட்டுக்கு வருஷம் 20 டாலர் வாங்கினார்கள். வெறும் 20 டாலர்தான். ஆனால் அது ஊர்ப் பொதுப் பலன், தனிப் பலன் எங்கே என்று கேட்டு 2008-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இனி ஓட்டு எண்ணும் முறை. இங்கே தலைக்கு ஒரு ஓட்டு கிடையாது, டாலருக்குத்தான் ஓட்டு. ஒரு உதாரணத்துக்கு வீட்டுக்கு 250 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வீட்டுக்காரர்கள் ‘வேண்டாம்’ என்று அனுப்பினால் எதிர்ப்பின் எடை 25,000. நாற்பது வீடுகள் ‘வேண்டும்’ என்றால் 10,000. இன்னும் விற்காத எண்பது மனைகளை வைத்திருக்கும் பில்டர் ‘வேண்டும்’ என்றால் அவருக்கு மட்டும் 20,000. ஆக 30,000-க்கு 25,000, கட்டணம் நிறைவேறிவிட்டது. சிட்டிக்கோ பள்ளிக்கோ அந்த எல்லைக்குள் நிலம் இருந்து தனிப் பலன் கிடைத்தால் அவர்களும் பங்கு கட்ட வேண்டும், அவர்களுக்கும் ஓட்டு உண்டு.

திரும்பி வந்த சீட்டுகளை மட்டுமே எண்ணுவார்கள். குறைந்தபட்சம் இத்தனை பேர் போட வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. எதிர்ப்பு, ஆதரவைவிட ஒரு டாலராவது கூடுதலாக இருந்தால்தான் கட்டணம் தோற்கும்; சமமாக இருந்தால் நிறைவேறும். பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் ஒருவர் அனுப்பினாலே அந்த வீட்டின் முழு எடையும் சேரும். இருவரும் தனித்தனியாக அனுப்பினால் எடை பிரியும்.

சீட்டு வீணாவது பெரும்பாலும் மூன்று இடங்களில். கையெழுத்து இல்லாமல் அனுப்புவது, போட்டோ எடுத்து ஈமெயிலில் அனுப்புவது, கடைசி நாளில் தபாலில் போடுவது. தபால் முத்திரைத் தேதியை நம்பாதீர்கள். பொது விசாரணை முடிவதற்குள் சீட்டு அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும். நோட்டீஸ் தபாலில் போட்ட நாளிலிருந்து விசாரணைக்குக் குறைந்தது 45 நாள் விட வேண்டும் என்பது விதி. ஆகவே அவசரம் இல்லை, ஆனால் ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்து மறந்துவிடவும் கூடாது. விசாரணை முடியும்வரை சீட்டைத் திரும்பப் பெற்று மாற்றிப் போடவும் உரிமை உண்டு.

எப்படி ஓட்டுப் போடுவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் அந்த இன்ஜினியர் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் போடாதீர்கள். சிட்டி கிளார்க்கிடம் கேட்டாலே தருவார்கள். ஐம்பது அறுபது பக்கம் இருந்தால் மிரள வேண்டாம், பாதி சட்ட வாசகம்தான். முதலில் வரைபடத்தில் உங்கள் வீடு எந்த ‘ஸோன்’ என்று பாருங்கள். ஒரே ஊரில் ஒரு ஸோனுக்கு 60 டாலர், பக்கத்து ஸோனுக்கு 400 டாலர் என்று இருக்கலாம். பூங்கா எத்தனை, மீடியன் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. பிறகு பங்குக் கணக்கு. தனி வீடு என்றால் 1 யூனிட், காண்டோவுக்கு (அடுக்குமாடி வீடு) அதைவிடக் குறைவு, கடைகளுக்கு ஏக்கர் கணக்கு என்று ஒரு அட்டவணை இருக்கும்.

அதன்பின் ‘மேக்ஸிமம் ரேட்’, ‘ஆக்சுவல் ரேட்’ என்று இரண்டு எண்கள். முதலாவது அவர்கள் வாங்க அனுமதி உள்ள உச்சவரம்பு, இரண்டாவது இந்த வருஷம் வாங்குவது. உச்சவரம்பு 420, வாங்குவது 310 என்றால், அடுத்த வருஷம் 420 வரை ஓட்டே இல்லாமல் ஏற்றலாம். புது வீடு வாங்குபவர்கள் கவனிக்காமல் விடும் எண் இதுதான். அதன் பக்கத்திலேயே விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து உச்சவரம்பு ஏறுமா, ஏறினால் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வரை என்று எழுதியிருக்கும். 1980-களில் தொடங்கிய பல டிஸ்ட்ரிக்ட்களில் அந்த ஏற்றமே கிடையாது. அன்று எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. தண்ணீரும் மின்சாரமும் கூலியும் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. உங்களுக்கு வந்த கடிதத்துக்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். என்னைக் கேட்டால், பத்து வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கச் சொல்லி வரும் சீட்டைவிட, 3 சதவீத வரம்போடு மெல்ல ஏறும் கட்டணம் எவ்வளவோ மேல்.

பட்ஜெட் பக்கத்தில் தண்ணீர், மின்சாரம், தோட்டக் கான்ட்ராக்ட், நிர்வாகச் செலவு, ரிசர்வ் (கையிருப்பு நிதி) என்று வரிசையாக இருக்கும். மூன்று நான்கு வருஷ ரிப்போர்ட்களை வைத்து ஒப்பிடுங்கள். தண்ணீர்ச் செலவு திடீரென்று எகிறியிருந்தால் பூமிக்கடியில் எங்கோ குழாய் கசியலாம், அல்லது ஸ்பிரிங்க்ளர் கன்ட்ரோலர் பழுதாகியிருக்கலாம். நிர்வாகச் செலவு மட்டும் வளர்ந்திருந்தால் விசாரணையில் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கான்ட்ராக்ட் தொகையில் புல் வெட்டுவதும் குப்பை அள்ளுவதும் அடங்கும்; மரம் வெட்டுவது, குழாய் உடைந்தால் சரி செய்வது பெரும்பாலும் அதற்கு வெளியே தனி பில். தெருவிளக்கின் செம்புக் கம்பியையும், தண்ணீர்க் குழாயில் நீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் பித்தளை பேக்ஃப்ளோ வால்வையும் இரவோடு இரவாகக் கழற்றிக்கொண்டு போகிறார்கள், அந்தச் செலவும் நம் தலையில்தான்.

‘சிட்டி ஆறு மாதப் பணத்தைச் சும்மா வைத்திருக்கிறது, இன்னும் எதற்கு’ என்று யாராவது சொல்வார்கள். அதில் நியாயம் குறைவு. சிட்டியின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. நீங்கள் கட்டும் முதல் தவணை டிசம்பர் 10 வாக்கில்தான் வருகிறது. இடைப்பட்ட மாதங்களை ஓட்ட ரிசர்வ் வைத்துக்கொள்ள 1972 சட்டமே அனுமதிக்கிறது. கேட்க வேண்டியது வேறு: விளையாட்டு உபகரணங்களை மாற்ற, ரப்பர் தளம் போட என்று தனியாக ஒதுக்கீடு இருக்கிறதா? அது பூஜ்யம் என்றால் ஊஞ்சல் பழுதான அன்று கழற்றிவிடுவார்கள், புதிது வராது.

இன்னொரு செலவும் வருகிறது. கலிபோர்னியாவில் 2023-ல் நிறைவேறிய ஏபி 1572 என்ற சட்டப்படி, யாரும் காலால் மிதிக்காத அலங்காரப் புல்வெளிக்குக் குடிநீரைப் பாய்ச்சக்கூடாது. சிட்டி நிலங்களுக்குப் பொதுவாக 2027 ஜனவரியிலிருந்தும், எச்.ஓ.ஏ. பொது இடங்களுக்கு 2029 ஜனவரியிலிருந்தும் தடை அமலாகும். பிள்ளைகள் விளையாடும் புல்லுக்குத் தடையில்லை, மீடியன் புல்லுக்கு உண்டு. அதைப் பெயர்த்துவிட்டுச் சொட்டுநீரும் வறட்சி தாங்கும் செடியும் வைக்கப் பணம் வேண்டும். வைத்தபின் தண்ணீர் பில் இறங்கும். உயர்வுத் தொகையில் அந்த மாற்றம் சேர்ந்திருக்கிறதா, பின்னால் மிச்சமாகும் பணம் கட்டணத்தைக் குறைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

கட்டணம் தோற்றால் சிட்டி அதை வேறு பெயரில் திணிக்க முடியாது. பழைய தொகையே தொடரும், வேலை அதற்கேற்பச் சுருங்கும். வாரம் ஒருமுறை வெட்டிய புல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆகும், கோடையில் சில இடங்கள் காய விடப்படும். அது பரவாயில்லை என்றால் ‘வேண்டாம்’ போடுவதில் தவறொன்றும் இல்லை.

எச்.ஓ.ஏ. வேறு கணக்கு. அது வீடு வாங்கும்போது நீங்கள் கையெழுத்திட்ட தனியார் ஒப்பந்தம். குடியிருப்பின் வாசல் கேட்டுக்கு உள்ளே இருக்கும் தெரு, நீச்சல் குளம், முன்புறச் செடி ஆகியவை அதன் பொறுப்பு. டிஸ்ட்ரிக்ட் பணம் சிட்டியின் பொது இடங்களுக்கு. இரண்டும் ஒரே சுவரோரத்துக்குச் செலவு காட்டுகின்றனவா என்று சந்தேகமாக இருந்தால், இன்ஜினியர் ரிப்போர்ட் வரைபடத்தையும் எச்.ஓ.ஏ. வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில்லில் மெல்லோ-ரூஸ் என்றும் ஒரு தொகை இருந்தால் அது மூன்றாவது. 1982 சட்டத்தில் வந்த சிறப்பு வரி அது. பெரும்பாலும் பில்டர் மட்டுமே நில உரிமையாளராக இருந்த நாளில் அவரே ஓட்டுப் போட்டு முடித்திருப்பார். இந்தச் சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கட்டாமல் விடுவது நடக்காது. வீட்டு வரி பில்லோடு சேர்ந்தே வருவதால் இதை மட்டும் கழித்துக் கட்ட முடியாது. டிசம்பர் 10, ஏப்ரல் 10 தாண்டினால் அந்தத் தவணைக்கு 10 சதவீத அபராதம். ஐந்து வருஷம் பாக்கி நின்றால் கவுண்டி வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரலாம். அதற்கு முன்பே லோன் கொடுத்த பேங்க் தானே கட்டிவிட்டு உங்களிடம் வசூலித்துவிடும். எஸ்க்ரோ (வரிக்காகப் பேங்க் மாதாமாதம் வாங்கி வைக்கும் கணக்கு) வழியாகக் கட்டுபவர் என்றால், கட்டணம் ஏறிய வருஷம் மாதத் தவணையும் கொஞ்சம் ஏறும். பேங்க் கடிதம் வந்ததும் பதற வேண்டாம். வீட்டு மதிப்பைக் குறைக்கச் சொல்லி அப்பீல் செய்தாலும் இந்தத் தொகை குறையாது, இது மதிப்பைப் பார்த்துப் போடுவது அல்ல.

அதே காரணத்தால் வருமான வரிக் கணக்கில் பில்லின் மொத்தத் தொகையைத் தூக்கி அப்படியே கழிவாகப் போட்டுவிடாதீர்கள். மதிப்பின் பேரில் போட்ட வரிதான் கழிவுக்கு உரியது. டிஸ்ட்ரிக்ட் கட்டணத்தில் பராமரிப்புப் பங்கைக் கழிக்க இடமிருந்தாலும், பங்கு எவ்வளவு என்று நீங்கள் காட்ட வேண்டும். வரிக் கணக்கு போட்டுத் தரும் சி.பி.ஏ.விடம், வீட்டுக் கடன் வட்டிக்காகப் பேங்க் தரும் 1098 படிவத்தை மட்டும் கொடுக்காமல், கவுண்டி பில்லையும் சேர்த்துக் கொடுங்கள். மொத்தத் தொகை மட்டும் இருந்தால் அவருக்கும் பிரித்துப் பார்க்க வழியில்லை.