டி5 தாங்குமா? பழைய கியர்பாக்ஸ் வாங்குபவர்களுக்குக் கேள்வி பதில்

கேள்வி: செவர்லே எஸ்-10 பிக்கப்பில் 5.3 லிட்டர் வி8 ஏற்றுகிறேன். மஸ்டாங்கில் கழற்றிய டி5 (ஐந்து கியர் மேனுவல் கியர்பாக்ஸ்) மலிவாக வருகிறது. தாங்குமா அண்ணே?

பதில்: எந்த டி5? பெயர் ஒன்றுதான், பெட்டி பல. தாங்கும் முறுக்குவிசை 1985-89 மஸ்டாங் 5.0 பெட்டிக்கு 265 பவுண்டு-அடி, 1990-93 பெட்டிக்கு 300. உங்கள் இன்ஜின் 325-ஐத் தொடும், அதனால் கணக்கே உதைக்கிறது. சாதாரண டயரில், கிளட்சைப் பட்டென்று விடாமல் ஓட்டினால் ஓரளவு உழைக்கும். ஒட்டும் டயர் போட்டால் முதலில் உதிர்வது மூன்றாம் கியர் பல்தான். முறுக்கில் அலுமினியக் கூடு நெளிந்து இரண்டு ஷாஃப்ட்டும் விலகும், பல் நுனியில் மட்டும் கடிக்கும்.

நான்கு சிலிண்டர் காரின் டி5 பெட்டியும் வெளியே பார்க்க அச்சு அசல் இதேதான். வால்பக்க ஹவுசிங் போல்ட்டில் தொங்கும் தகட்டில் 1352 என்று தொடங்கும் எண்ணைப் படியுங்கள். தகடு இல்லையென்றால் முதல் கியரில் போட்டு, பின்ஷாஃப்ட் ஒரு சுற்று வரும்வரை முன்ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி எண்ணுங்கள். மூன்றேகாலைச் சற்றுத் தாண்டினால் மஸ்டாங் வி8 பெட்டி (3.35). நாலு சுற்று வந்தால் நான்கு சிலிண்டர் பெட்டி, வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று: ஃபோர்டு பெட்டி செவர்லே பெல் ஹவுசிங்கில் (இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் மணி வடிவக் கூடு) நேராக உட்காராது, இன்புட் ஷாஃப்ட் நீளமும் வேறு. மஸ்டாங் கியர் லீவர் பின்னால் வரும், எஸ்-10-க்கு முன்னால் வேண்டும். மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

கேள்வி: கேமரோவின் ஆறு கியர் பெட்டி டி56 வாங்கலாமா?

பதில்: 450 பவுண்டு-அடி, கவலையில்லை. ஆனால் 1993-97 எல்டி1 இன்ஜினோடு வந்த பெட்டிக்கு இழுக்கும் கிளட்ச், 1998-2002 எல்எஸ்1 இன்ஜினோடு வந்த பெட்டிக்குத் தள்ளும் கிளட்ச். 5.3-க்குப் பின்னதை, பெல் ஹவுசிங்கோடு சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: டி5-இல் 90 நம்பர் கியர் ஆயில்தானே ஊற்ற வேண்டும்?

பதில்: வேர்ல்டு கிளாஸ் (டி5-இன் மேம்பட்ட பிந்தைய வகை) பெட்டி என்றால் கூடாது. ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சுமார் 2.65 லிட்டர்.

கேள்வி: சும்மா சொல்லாதீங்க சார். தண்ணி மாதிரி ஏடிஎஃப் பல்லை எப்படிக் காக்கும்?

பதில்: பல்லை விடுங்கள், கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ ரிங்கைப் பாருங்கள். அதன் உட்புறத்தில் உராய்வுப் பூச்சு ஒட்டியிருக்கும். அது கியரின் கூம்பைப் பிடிக்க நடுவில் உள்ள ஆயில் வழிந்து விலக வேண்டும். கெட்டி ஆயில் விலகாது, குளிர்காலையில் இரண்டாம் கியர் கரகரக்கும். பழைய, வேர்ல்டு கிளாஸ் அல்லாத பெட்டியின் கதை வேறு.

கேள்வி: பெட்டி சத்தம் போட்டால் கெட்டி ஆயில் ஊற்றி அடக்கலாமே?

பதில்: ஓடும்போது வரும் இரைச்சல் அடங்கும், தேய்மானம் அடங்காது. விற்பவர்கள் செய்யும் வேலையும் அதுதான். வாங்கும் முன் ஆயிலைச் சொட்டவிட்டுப் பாருங்கள்: ஏடிஎஃப் இருக்க வேண்டிய பெட்டியில் கெட்டியாக வந்தால் விலையைக் குறையுங்கள். மினுக்கும் தூள் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, நகத்தில் எடுக்கும் அளவு சில்லு வந்தால் அது உடைந்த பல்.

கேள்வி: வேர்ல்டு கிளாஸை எப்படி அறிவது?

பதில்: கூட்டின் முன்முகத்தில் கவுண்டர் ஷாஃப்ட் (கீழே ஓடும் துணை ஷாஃப்ட்) முனையைப் பாருங்கள். தட்டையான பேரிங் வளையம் தெரிந்தால் ஆம், மூடி அடித்திருந்தால் இல்லை.

கேள்வி: என் டி5 எவ்வளவு தாங்கும்?

பதில்: தகட்டு எண். மேலே எழுதியிருக்கிறது.

கேள்வி: என் டி5-ம் 400 தாங்குமா?

பதில்: தகட்டு எண்!

கேள்வி: ஆட்டோமேட்டிக் 4எல்60இ பற்றி?

பதில்: என் துறை இல்லை, அதை அவிழ்த்துப் பார்த்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மாட்டிய பிறகு கியர் இறுக்கமாக விழுகிறது.

பதில்: பெல் ஹவுசிங் துளை கிராங்க் மையத்தோடு ஒத்திருக்கிறதா? டயல் கேஜில் ஒரு முழுச் சுற்றில் 0.005 அங்குலத்துக்கு மேல் ஓடினால் ஆஃப்செட் டவல் பின் (மையம் விலகிய பொருத்து முளை) போட்டுச் சரி செய்யுங்கள். அதைப் பார்க்காமல் பெட்டியைப் பிரிக்காதீர்கள்.